குடிக்காதவன் தேர்ந்தெடுத்த பூ

1

நான் வாழும் ஊரின் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெயரைத் தாங்கிய பீர் மட்டும் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. செக் நாட்டின் மேற்கே இருக்கும் பில்சன்தான் எங்கள் ஊர். பில்ஸ்னர் என்கிற பொன்னிற பீர் பிறந்த இடம். காற்று ஒரு பக்கமாகத் திரும்பும் காலைகளில் ஊர் முழுக்க வெந்த தானியத்தின் வாசனை மிதக்கும். வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அதை இழுப்பேன். யாரோ எங்கோ பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டுகிறார்கள் என்று தோன்றும். நான் பிறந்து வளர்ந்த வடசென்னை எர்ணாவூரில் காற்று திரும்பினால் மணலி எண்ணெய் ஆலைகளின் வாடை வரும். எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். இங்கே திறந்து வைக்கிறார்கள்.

இந்த ஊருக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. நான் ஒரு வாய் பீர் குடித்ததில்லை. தொழிற்சாலையில் எனக்குப் பட்டப்பெயர் லிமோனாடா. மதிய உணவின்போது எல்லோருக்கும் முன்னால் கண்ணாடிக் கோப்பையில் பொன் நுரைக்கும், எனக்கு முன்னால் எலுமிச்சைத் தண்ணீர்.

சென்ற ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தெனா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் மீனாவைக் கட்டிக்கொள்ளப்போகும் தோமாஷின் அம்மா. டிராம் ஓட்டுகிறவர், வீட்டுக்குள் நடக்கும்போதும் அடுத்த நிறுத்தத்தைக் கவனிக்கிற மாதிரி நிமிர்ந்து நடப்பார். மூன்று காகிதப் பைகளை மேசைமேல் வைத்தார்.

"கல்யாணத்துக்கு பில்ஸ்னர் நான் காய்ச்சுவேன். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். தண்ணீர், மால்ட், ஈஸ்ட் எல்லாம் என் பொறுப்பு. ஹாப்ஸை மட்டும் பெண்ணின் அப்பா தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு என் அப்பா செய்தார்."

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான் வருகின்றன. ஒரு பையைப் பிரித்தேன். மீன் செதில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த மொட்டுகள் போல இளம்பச்சையாக இருந்தன. ஒன்றைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள்தூள் போல ஒரு பொடி விரலில் ஒட்டியது.

"எனக்கு பீரைப் பற்றி ஒன்றும் தெரியாதே" என்றேன்.

"மூக்கு இருக்கிறதல்லவா?" என்றார் ஸ்தெனா. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

என் மனைவி கலா பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க அக்கா வரப்போறாங்க. இத எங்க வெக்கிறது?"

2

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பெயர் முனுசாமி. சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி, முட்டையை வைப்பதுபோலத் தரையில் வைப்பாராம். அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்த கை வேறு. ராயபுரத்திலிருந்து ஒவ்வொரு சாராயக்கடையிலும் நின்று எர்ணாவூர் வந்து சேரும்போது, அவருக்கு முன்பே அவருடைய வாடை தெருவுக்குள் வந்துவிடும். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். அக்கா தனலட்சுமிதான் கதவை அடைத்துக்கொண்டு நிற்பாள். ஓங்கிய கை முதலில் அவள் தோளைத்தான் தொடும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கல்லீரல் கெட்டு அவர் செத்துப்போனார். காரியம் முடிந்த மறுநாள் அக்கா வீட்டுத் தரையை மூன்று தடவை கழுவினாள். "இந்த வூட்டுக்குள்ள அந்த வாட இனிமே வரக்கூடாது" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த வாரம் காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, சுருங்கிக் கிடக்கும். அந்த விரல்கள்தான் என்னைப் பாலிடெக்னிக் வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டன. கல்யாணம் அவளுக்கு அமையவில்லை. குடிகாரன் வீட்டுப் பெண் என்று முதலில் சிலர் திரும்பிப் போனார்கள். பிறகு கேட்டு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள்.

என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. ஆனால் எந்த ஊர் போனாலும் அந்தக் கழுவிய தரைமேல்தான் நடந்துகொண்டிருந்தேன்.

3

பெயர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

நம்மூரில் நான் மு. பாஸ்கர். இங்கே வந்த புதிதில், வெளிநாட்டவர் அலுவலகத்துக் கூடத்தில் காத்திருந்தபோது ஒரு பெண்மணி கதவைத் திறந்து "பான் முனுசாமி" என்று அழைத்தார். பான் என்றால் திருவாளர். நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். நைனா வந்து நிற்கிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

உள்ளே போனதும், குடும்பப் பெயர் முனுசாமிதானே என்று கேட்டார். "நோ, நோ" என்றேன். அது என் அப்பாவின் பெயர், என் பெயர் பாஸ்கர் என்று விளக்க நினைத்தேன். செக் மொழியில் பேச்சுவழக்கில் 'நோ' என்றால் 'ஆமாம்' என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்தினார். அன்றிலிருந்து நான் பான் முனுசாமி. இந்த நாட்டில் பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் 'ஓவா' சேர்ப்பார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் என் மகள் மீனா முனுசாமியோவா. எர்ணாவூரில் நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத பெயர், இங்கே கதவுமணிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் இருக்கிறது.

மீனா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் வாடகைச் சைக்கிள் மாதிரி. ஓடும், எங்கே நிற்கும் என்று தெரியாது. பைகளைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பா, லேபிள்ல நம்ம பேர் போடலாம். முனுசாமி பில்ஸ்னர். அழகா இருக்கும்ல?"

அவளைப் பொறுத்தவரை தாத்தா கிரேன் ஓட்டியவர். அதற்கு மேல் நான் சொன்னதில்லை. "அத்தை வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

"அத்தை கோபம் போடுவாங்களா?"

"கோபம் போடமாட்டாங்க, படுவாங்க."

"ஓ. படுவாங்களா?"



4

அந்த வாரம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து பூக்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தேன். ஸ்தெனா பைகளின்மேல் பெயர் எழுதியிருந்தார். முதல் பை காஸ்கேட், அமெரிக்க வகை. தேய்த்ததும் சாத்துக்குடித் தோலை யாரோ கண்ணருகே பிழிந்ததுபோல இருந்தது. இரண்டாவது மாக்னம். படகுக்குப் பூசுகிற குங்கிலியம் மாதிரி, உறைப்பான, நேரான வாசனை. மூன்றாவது பையில் சாட்ஸ். எங்கள் ஊருக்கு வடக்கே விளைகிற பழைய வகை. அதில் எனக்கு முதலில் எந்த வாசனையும் கிடைக்கவில்லை.

அந்தக் கொடி வளரும் தோட்டங்களை ரயிலில் போகும்போது பார்த்திருக்கிறேன். வானளாவிய கம்பங்கள், கம்பங்களுக்கு நடுவே கம்பிகள், கம்பிகளைப் பிடித்து ஏறும் கொடிகள். மூடுபனியில் அது காசிமேட்டில் நெருக்கிக் கட்டிய படகுகளின் பாய்மரம் போலத் தெரியும். கடலே இல்லாத நாடு இது. ஆனாலும் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'அஹோய்' என்பார்கள், கப்பல்காரர்கள் கூவுவதுபோல. வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அடுத்த தெரு திரும்பினால் அலை இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது பையை மறுபடி எடுத்தேன். கை சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். மெல்ல வந்தது: காய்ந்த புல், துளி மிளகு, அதற்கடியில் ஈர மண். எங்கோ முகர்ந்தது. எங்கே என்று தேடாமல் சும்மா இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நைனா குளித்து, தலைசீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சைக்கிளின் முன்கம்பியில் நான், பின்னால் அக்கா. எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார். கழிமுகத்தோரம் உயரமாகப் புல் வளர்ந்து பாதி காய்ந்திருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களைக் காட்டினார். "தோ பாரு, அது தண்ணில எவ்ளோ எறங்கிக் கீது. வயிறு ரொம்பிக் கீது. பக்கத்துல கீறது காலி, மெதக்குது." அவர் சட்டையில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. அந்தக் காலையை நான் எப்படி இவ்வளவு வருடங்கள் ஒளித்து வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போகும்வரை கையைக் கழுவவில்லை.

மூன்று பைகளையும் மூடி சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். எதையும் முடிவு செய்யவில்லை.

5

அக்காவின் விசா நாங்கள் நினைத்ததைவிட முன்னதாகவே வந்தது. நேர்காணலில், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். "என் வூடு இங்கதான சார் கீது, நான் எங்க போவப்போறேன்" என்றாளாம். பிறகு எதுவும் கேட்கவில்லை என்றாள்.

மே மாதத் தொடக்கத்தில் வந்து இறங்கினாள். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, சமையலறையை முதல் நாளே தன்வசம் எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஜூலைக் கடைசியில் என்றதும் முகம் சுருங்கியது.

"ஆடில எவன்டா கண்ணாலம் பண்ணுவான்?"

"பதிவு ஆபீஸ்ல அந்த தேதிதான்க்கா கெடச்சுது."

"அவங்களுக்கு ஆடின்னா தெரியுமா, ஆவணின்னா தெரியுமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.

மறுநாள் மிளகாய்த்தூள் தேடி மேல்தட்டைத் துழாவியவள் கையில் பை சிக்கியது. நான் வேலையிலிருந்து வந்தபோது மூன்று பைகளும் மேசைமேல் இருந்தன. ஒரு பூவை மூக்கருகே வைத்திருந்தாள்.

"இன்னாடா இது? மருந்துக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மீனா சொல்லிவிட்டாள். "பீருக்கு, அத்தை. கல்யாணத்துக்கு. அப்பாதான் எடுக்கணும்."

அக்கா பூவைப் பைக்குள் போட்டு அதன் வாயை மடித்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு கலாவிடம் டீ போடச் சொன்னாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அவள் அறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கு நிற்பாளா, டிக்கெட்டை மாற்றச் சொல்வாளா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என்னை வளர்த்தவள் இல்லாமல் என் பெண்ணின் கல்யாணம் நடப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

6

அந்த வாரக் கடைசியில் ஸ்தெனா அக்காவைப் பார்க்க வந்தார். தானே சுட்ட கசகசா கேக்கோடு வந்தார். இரண்டு பேரும் மேசையின் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் மீனா, மொழிபெயர்க்க.

அக்கா நேராகக் கேட்டாள். "இவங்க வூட்டுக்காரர் எங்க?"

ஸ்தெனா கேட்டுவிட்டுக் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "குடித்தார். தோமாஷ் பள்ளியில் சேர்ந்த வருடம் அவர் துணிகளைப் பையில் போட்டு வாசலில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்."

மீனா அதைத் தமிழில் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் ஸ்தெனாவின் கைகளையே பார்த்தாள்.

"அப்டி இருந்துகினு, ஏன் அதையே வூட்ல காய்ச்சுறாங்க? கேளு."

ஸ்தெனா கத்தியைக் கீழே வைத்தார். "என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். என்னிடமிருந்து என் கணவர் நிறைய எடுத்துக்கொண்டார். இதையும் ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும்?"

மீனா தடுமாறினாள். "அவங்க அப்பா கொடுத்தது, அத்தை. அதைப் போய் புருஷன்கிட்ட விட்டுடணுமான்னு கேக்கறாங்க."

"பையன் குடிப்பானா?"

அக்கா கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டியதால் இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஸ்தெனா ஒரே கோப்பை என்று ஒரு விரலைக் காட்டினார். பிறகு கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல நடித்தார். அக்காவின் உதடு லேசாக அசைந்தது. கேக்கை எடுத்துக் கடித்தாள்.

மறுநாள் அக்காவை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். பில்சனில் சின்னச் சின்ன ஆறுகள் வந்து சேருகின்றன. தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும், வாத்துகள் தூங்கியபடியே மிதக்கும். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பாப்பா சொல்லிச்சு. பாட்டில்ல நைனா பேரு போடப்போறாளாமே."

"அதுக்கு ஒன்னும் தெரியாதுக்கா."

"தெரியவேணாம். ஆனா போடாத." குரல் தாழ்ந்தது. "ஆஸ்பத்திரில கட்டில்கிட்ட ஒரு பாட்டில் தொங்கினு இருந்துச்சு. அதுல அவரு பேர எழுதி ஒட்டி இருந்தாங்க. ராவெல்லாம் அதையே பாத்துகினு குந்தினு இருந்தேன். அவரு பேர ஒரு தபா பாட்டில்ல பாத்தாச்சுடா. போதும்."

இது எனக்குத் தெரியாது. அப்போது நான் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

எண்ணூர்க் காலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். புல், கப்பல், சோப்பு வாசனை. நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? நீ பொறக்கறதுக்கு மின்னாடி அந்த மாதிரி நெறைய நாளு. எனுக்குக் கெடச்ச நைனா வேற. உனுக்குக் கடைசில மிஞ்சினதுதான் கெடச்சுது." எழுந்து புடவையை உதறினாள். "பூவ எதுனா ஒன்ன எட்த்துக்குடு. அந்தம்மா காத்துகினு கீது. எனுக்கு அதுல ஒன்னும் தெரியாது, என்னிய கேக்காத."

அன்றே சாட்ஸ் பையை ஸ்தெனாவிடம் கொடுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "வெயில் ஊர்க்காரன் நீ, அந்தச் சாத்துக்குடி வாசனையைத்தான் எடுப்பாய் என்று நினைத்தேன்" என்றார்.

7

பீர் காய்ச்சியது ஒரு சனிக்கிழமை, ஸ்தெனாவின் தோட்டத்துக் கொட்டகையில். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். பூவை மூன்று தவணையாகப் போடச் சொன்னார். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசனைக்கு. நான் போட்டேன். பச்சை மொட்டுகள் நுரையில் சுழன்று மூழ்கின. ஆவி மேலே எழும்பி வெயிலில் கரைந்தது. வெளியே ஆப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு, கொட்டகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் அக்கா. ஒருமுறை மட்டும் திரும்பாமலே கேட்டாள்.

"இன்னாடா, கூழு வாசன வருது?"

பிறகு அது குளிர்ந்த நிலவறையில் பல வாரங்கள் தூங்கியது. பில்ஸ்னருக்குப் பொறுமைதான் முக்கியம் என்றார் ஸ்தெனா.

அதற்கிடையில் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் குடும்பப் பெயர் என்ன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோமாஷின் பெயர் நோவாக். மீனா நோவாகோவா ஆகிவிட்டால் வங்கியிலும் மருத்துவமனையிலும் யாரும் எழுத்துக் கூட்டிக் கேட்கமாட்டார்கள். அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"முனுசாமியோவா" என்றாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தி, நிச்சயமாகவா என்று கேட்டார். அவள் "நோ" என்றாள், இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா என்னிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளைப் பிடித்தாள். "ஏன்டி, இவங்க வாய்ல நொழையாத பேரு. மாத்திக்கினா இன்னா? உனுக்கு அவரத் தெரியவும் தெரியாது."

மீனா அக்காவின் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். முதல் பக்கத்தைக் காட்டினாள். தனலட்சுமி முனுசாமி.

"இது உங்க பேர், அத்தை. என்னை வளர்த்த பேர்." நின்று யோசித்தாள். "இல்ல, அப்பாவை வளர்த்த பேர். அதான் வெச்சுக்கறேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே ஒரு டிராம் போனது.

8

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. லேபிளில் மீனா, தோமாஷ் என்ற இரண்டு பெயர்கள் மட்டும் இருந்தன. கலா சுட்ட வடையை ஆட்கள் பீரோடு கடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நின்றார்கள். மதிய வெயில், புல்லில் மரங்களின் நிழல்.

முதல் கோப்பை, பூவைத் தேர்ந்தெடுத்தவனுக்கு. ஸ்தெனா நுரை ததும்ப என் கையில் கொடுத்தார். குளிர்ந்து, வைக்கோல் நிறத்தில், அடிவரை தெளிவாக இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்தாள். கோப்பையை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்தாள். இரண்டாவது தடவையும் முகர்ந்தாள்.

"அந்த வாட இல்ல" என்றாள். கோப்பையைத் திருப்பித் தந்தாள். "ஒரு வாய் குடி. நான் பக்கத்துலதான் கீறேன்."

குடித்தேன். முதலில் ரொட்டி மாதிரி ஒரு இனிப்பு, உடனே நாக்கின் அடியில் நிலவேம்புக் கசப்பு, பிறகு அந்தப் புல். விழுங்கிவிட்டு நின்றேன். சுற்றி எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கசக்குது" என்றேன், தமிழில். மீனா அதைச் சத்தமாக மொழிபெயர்த்தாள். தோட்டமே சிரித்தது. ஸ்தெனா தலையில் அடித்துக்கொண்டார்.

உண்மையாகவே எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பையைத் தோமாஷிடம் கொடுத்துவிட்டு எலுமிச்சைத் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடங்கள் பயந்து குடிக்காமல் இருந்தேன். இனிமேல் பிடிக்காததால் குடிக்கமாட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு அன்று தோட்டத்தில் நடக்கும்போது கால் தரையில் பட்ட மாதிரியே இல்லை.

9

அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்து, இப்போது இருக்கும் அடுக்குமாடி வீட்டிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் லாரிச் சத்தம், யாரோ குடத்தை இழுக்கும் சத்தம்.

"குடியிருப்பு மொத்தமும் வந்து கேட்டுச்சு. கண்ணாலத்துல இன்னா போட்டாங்க, இன்னா ஊத்துனாங்கன்னு."

"பீர் ஊத்தினத சொன்னியாக்கா?"

"சொன்னேன். என் தம்பிதான் காய்ச்சினான்னும் சொன்னேன்."

எனக்குப் பகீரென்றது. எங்கள் எர்ணாவூரில் ஒருவன் காய்ச்சுகிறான் என்றால் கள்ளச்சாராயம்தான். வேறு அர்த்தமே கிடையாது. அந்தச் சொல்லை என்னைப் பற்றி அக்கா சொல்வாள் என்று நான் நினைத்ததே இல்லை.

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"போலீஸ் புடிக்கலயான்னு கேட்டாங்க. அங்க கவர்மெண்டே உடுதுன்னேன். எதுத்தவூட்டு ராணி நம்பல. நீயும் குடிச்சியான்னுது."

"நீ இன்னா சொன்னே?"

"எனுக்கு எதுக்கு அது. ஆனா பூவ பாத்தேன், நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்." லாரிச் சத்தத்தை மிஞ்சிக் குரலை உயர்த்தினாள். "அந்தம்மாவக் கேளு, அந்தக் கொடி நம்ம ஊரு வெயிலுக்கு வருமான்னு. பால்கனி காலியாதான் கீது."